பயார் சாகவில்லை, படத்தை வெட்டாமல் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாளையொட்டி உங்கள் இணைப்பிதழில் தொடக்ககால பிரெஞ்சு ஒளிப்படக்காரர் இப்போலித் பயார் 1840இல் எடுத்த தன்னுருவப் படம் வெளியாகியிருந்தது. பழைய அச்சு முறைகளை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் எங்களுக்கு அதைத் தமிழ் நாளிதழில் பார்ப்பதே மகிழ்ச்சிதான். ஆனால் பக்கம் அமைத்தவர்கள் சுவரில் தொங்கும் தொப்பியை வெட்டிவிட்டார்கள். கறுத்திருந்த முகத்தையும் கைகளையும் கணினியில் வெளுக்க வைத்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே மங்கலாக்கியிருக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே துணிதான் இருக்கிறது. போதாததற்கு, தற்கொலை செய்துகொண்ட கலைஞரின் நிர்வாணப் படம் என்று கேப்ஷன் வேறு. அது ஒரு பகடிப் படம். பகடி எங்கெங்கே இருக்கிறதோ, சரியாக அங்கங்கேதான் கத்திரி விழுந்திருக்கிறது.

பார்க்காதவர்களுக்காக: இடுப்புக்கு மேல் உடையில்லாத ஓர் ஆள், பக்கவாட்டில் சாய்ந்து, கண்மூடி, கைகளை மடிமேல் சேர்த்துக் கிடக்கிறார். இடுப்பைச் சுற்றித் துணி. சுவரில் அகன்ற விளிம்புள்ள வைக்கோல் தொப்பி. அருகே ஜாடி, சிறு சிலை என்று தோட்டத்து அலங்காரப் பொருள்கள். முன்பக்கம் அவ்வளவுதான். மீதி பின்பக்கத்தில் இருக்கிறது. 1840 அக்டோபர் 18 என்று தேதியிட்டு பயார் தன் கையாலேயே அங்கே ஓர் இரங்கல் குறிப்பு எழுதியிருக்கிறார். மறுபக்கம் நீங்கள் பார்ப்பது திரு. பயாரின் பிணம், இந்த அற்புத முறையைக் கண்டுபிடித்தவர் அவரே, அகாதமியும் அரசரும் அவருடைய படங்களைப் பாராட்டினார்கள், பெருமை நிறையக் கிடைத்தது, சல்லிக்காசு தேறவில்லை, டாகேருக்கு (போட்டி ஒளிப்பட முறையைக் கண்டுபிடித்தவர்) மிதமிஞ்சிக் கொடுத்த அரசாங்கம் பயாருக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டதால் பாவம் மனிதர் நீரில் மூழ்கிவிட்டார் என்று போகிறது அது. பிணவறையில் பல நாளாகக் கிடக்கிறார், இன்னும் அடையாளம் சொல்ல ஒருவரும் வரவில்லை என்கிறது. கடைசி வரி பார்வையாளர்களை அவசரமாக நகர்த்துகிறது: சீமான்களே சீமாட்டிகளே, அடுத்த படத்துக்குப் போவோம், இல்லாவிட்டால் உங்கள் மூக்குக்குத்தான் கஷ்டம்; பாருங்கள், இவருடைய முகமும் கைகளும் அழுகத் தொடங்கிவிட்டன.

செத்தவரே எழுதிக் கையெழுத்துப் போட்ட மரண அறிவிப்பு இது. இதைப் படிக்காமல் முன்பக்கத்தை மட்டும் அச்சிட்டால் சோகப் படம்போலத்தான் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1839 ஜனவரி 7 அன்று அறிவியல் அகாதமியில் அறிவியலாளர் பிரான்சுவா அராகோ டாகேரின் வெள்ளித்தகட்டு முறையை அறிவித்தார். ஆகஸ்ட் 19 அன்று அதன் செய்முறை பொதுவில் வெளியிடப்பட்டது. நாம் கொண்டாடும் ஒளிப்பட நாள் அதுதான், அதாவது பயாரின் போட்டியாளருடைய நாள். டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், டாகேரின் கூட்டாளியாக இருந்து மறைந்த நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்க் என்று வாழ்நாள் ஓய்வூதியம் கிடைத்தது. நிதி அமைச்சகத்தில் எழுத்தராக இருந்த பயாரும் அதே ஆண்டு நெகட்டிவ் இல்லாமல் தாளில் நேரடியாகப் பாசிட்டிவ் எடுக்கும் தன் சொந்த முறையைக் காட்டினார். மார்ட்டினிக் நிலநடுக்க நிதிக்காகப் பாரிசில் நடந்த கண்காட்சியில் முப்பது படங்களை வைத்தார். நவம்பர் 2 அன்று நுண்கலை அகாதமி அவரைப் புகழ்ந்து அறிக்கையே கொடுத்தது. அரசுப் பணமாக வந்தது, நல்ல கருவிகள் வாங்கிக்கொள்ள 600 பிராங்க். அந்த அறுநூறைப் பற்றிப் பின்பக்கக் குறிப்பு வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பகடி எழுதுகிறவர் கணக்குப் புத்தகம் காட்டுவதில்லை.

இப்போது முகமும் கைகளும். நீங்கள் கறை என்று நினைத்து அழித்த அந்தக் கறுப்புதான் படத்தின் உச்சமான நகைச்சுவை. அது அந்த முறையின் குறையிலிருந்தே பிறந்தது. தாளில் இருக்கும் சில்வர் குளோரைடும் சில்வர் அயோடைடும் புற ஊதா, ஊதா, நீல ஒளிக்குத்தான் மசியும். மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு இருட்டு. வெயிலில் பழுத்த தோல் நீல ஒளியைத் திருப்பி அனுப்புவது குறைவு. சட்டைக்குள்ளேயே இருந்த மார்பும் மேற்கையும் நிறையத் திருப்பி அனுப்பும். ஆகவே ஒரே உடம்பில் மார்பு வெள்ளை வெளேர், முகமும் மணிக்கட்டுக்குக் கீழும் கறுப்பு. தேதி அக்டோபர் என்பதையும் கவனியுங்கள்: கோடை முழுக்கத் தொப்பியோடு வெளியில் திரிந்த மனிதரின் வெயில் நிறம் இன்னும் வெளுத்திருக்காது. வேறொருவராக இருந்தால் படம் கெட்டுவிட்டது என்று கிழித்துப் போட்டிருப்பார். பயார் குறையைக் கதைக்குள் இழுத்துக்கொண்டு, அழுகுகிறது என்று எழுதிவிட்டார். இதை 'சரிசெய்தால்' கடைசி வரிக்குப் பொருளே இல்லை.

செய்முறை தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். கல்லூரி ஒளிப்படத் துறைகளில் செய்து பார்க்கக்கூடியதுதான். 1840 பிப்ரவரியில் பயார் வெளியிட்ட குறிப்பு மிகச் சுருக்கமானது: சாதாரணக் கடிதத் தாளை ஆங்கிலேயர் டால்பட்டின் முறைப்படி (உப்பும் சில்வர் நைட்ரேட்டும் ஏற்றி) தயாரித்து, ஒளியில் கறுக்க வைத்து, பொட்டாசியம் அயோடைடு கரைசலில் சில நொடி நனைத்து, சிலேட்டுப் பலகைமேல் ஒட்டி கேமராவில் வைக்கிறார், உருவம் வந்ததும் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவில் (சோடியம் தயோசல்பேட்) அலசி, சுத்தமான சூடான நீரில் கழுவி, இருட்டில் உலர்த்துகிறார்.

இதையே இன்று செய்ய: பருத்திக் கூழில் செய்த, சுண்ணாம்பு சேர்க்காத தாள் வேண்டும். 100 மி.லி. வாலைவடிநீரில் 2 கிராம் உப்பு கரைத்துத் தாளை இரண்டு மூன்று நிமிடம் ஊற வைத்து உலர்த்துங்கள். சமையல் உப்பு வேண்டாம். அதில் அயோடினும் கட்டிதட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள்களும் இருக்கும். மருந்துக்கடையிலோ ஆய்வகக் கடையிலோ தூய சோடியம் குளோரைடு வாங்குங்கள். பிறகு மங்கிய மஞ்சள் விளக்கில் 12 விழுக்காடு சில்வர் நைட்ரேட் கரைசலைப் பிரஷ்ஷால் ஒரே சீராகப் பூச வேண்டும். பிரஷ்ஷில் உலோகப் பட்டை இருக்கக்கூடாது, டிரே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ ஆக இருக்க வேண்டும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இரண்டும் கட்டாயம்: விரலில் பட்டால் சில நாள் கறுப்பு, கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இருட்டில் உலர்ந்த தாளை வெயிலில் காட்டினால் ஊதா, பழுப்பு என்று மாறிக் கருஞ்சாக்லேட் நிறத்துக்கு வரும். அங்கே நிறுத்துங்கள். நம் ஊர் உச்சி வெயிலில் ஏமாந்தால் தாள்மேல் வெண்கலப் பளபளப்பு ஏறிவிடும், அப்படி ஏறிய இடம் பிறகு எளிதில் வெளுக்காது. குறைவாகக் கறுத்தாலோ நிழல் பகுதிகளில் ஆழமே இருக்காது. மிச்சமிருக்கும் சில்வர் நைட்ரேட்டைத் தண்ணீரில் அலசி வெளியேற்றிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த கரைசலில் அது அயோடைடைத் தின்று தாளில் மஞ்சள் படலமாகப் படியும்.

எடுக்கும் நேரத்தில் 4 விழுக்காடு பொட்டாசியம் அயோடைடு. இங்கேதான் பலருக்குத் தவறுகிறது. கரைசல் அளவுக்கு மீறிச் செறிவானால் ஒளியே படாமல் தாள் தானாக வெளுக்கத் தொடங்கும். நீர்த்துப்போனால் எவ்வளவு வெயில் கொடுத்தாலும் அசையாது. ஒரே தாளைத் துண்டுகளாக வெட்டி இரண்டு, நான்கு, ஆறு விழுக்காட்டில் நனைத்து, பாதியை மூடி, பாதியை வெயிலில் காட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கேமராவில் ஒளி பட்ட இடத்தில் கறுத்த வெள்ளி மறுபடி அயோடைடாக மாறி வெளுக்கும், படாத இடம் கறுப்பாகவே நிற்கும். நெகட்டிவ் இல்லை, டெவலப்பர் இல்லை. ஒரு தாள், ஒரு படம், அதோடு சரி. தாள் ஈரமாக இருக்கும்வரைதான் இது நடக்கும். பயார் சிலேட்டைப் பயன்படுத்தியதில் பொருள் இருக்கிறது: ஈரத்தாள் அதன்மேல் சுருங்காமல் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். இன்று கண்ணாடித் துண்டு போதும். கடைசியில் 10 விழுக்காடு ஹைப்போவில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை மணி நேரம் ஓடும் நீர். ஹைப்போவில் நெடுநேரம் விட்டால் மெல்லிய டோன்கள் கரைந்துபோகும்.

இன்னொன்று. தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தப் படத்தை அப்படியே நடித்து எடுக்க முயன்றால் முகத்துக்கும் மார்புக்கும் அவ்வளவு எடுப்பான வேறுபாடு வராது. நம் தோலில் மார்பும் நீல ஒளியை நன்றாகவே விழுங்கும். உடம்பு மொத்தமும் கறுத்துத்தான் வரும். வேதியியல் சரியாக வேலை செய்திருக்கும், நகைச்சுவை மட்டும் வராது.

பயாரின் தாளுக்கு நல்ல வெயிலிலேயே சுமார் பன்னிரண்டு நிமிட எக்ஸ்போஷர் (தாளில் ஒளி படும் நேரம்) தேவைப்பட்டது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாரிசின் அக்டோபர் வெளிச்சத்தில் இன்னும் கூடவே ஆகியிருக்க வேண்டும். அவ்வளவு நேரம் கண் சிமிட்டாமல் யாரால் இருக்க முடியும்? திறந்த கண் படத்தில் வெறும் கலங்கல் குழியாக வரும். நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை ஆடும். ஆகவே கண்ணை மூடு, தலையைச் சாய்த்து எதிலாவது முட்டுக்கொடு, கையை மடியில் போடு, மூச்சை மெல்ல விடு. இந்த முறைக்கு ஏற்ற உட்காரும் விதம் பிணத்தின் விதம்தான்! தன் கண்டுபிடிப்பின் முன்னால் செத்தவன் மட்டுமே நன்றாகப் படமெடுக்கப்படுவான் என்பதைப் பயார் நடித்தே காட்டியிருக்கிறார். இவ்வளவு நீண்ட எக்ஸ்போஷரில் ஒரு வசதியும் உண்டு. உதவியாளர் இல்லாமலே லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, போய் உட்கார்ந்துகொள்ளலாம். பன்னிரண்டு நிமிடம் என்றால் 720 நொடி; நடந்து போகும் பத்து நொடி அதில் ஒன்றரை விழுக்காடுகூட இல்லை, தாளில் சுவடே இருக்காது. அப்படித்தான் எடுத்தார் என்று சாதிக்க வரவில்லை. முடியும் என்கிறோம்.

நிர்வாணத்துக்கு வருவோம். உங்கள் கேப்ஷன் அதை வாசகரை ஈர்க்கும் சொல்லாகப் பயன்படுத்தியிருக்கிறது. 1840இல் பாரிஸ்காரர் எவரும் அந்த உடம்பைக் கண்டு வெட்கப்பட்டிருக்க மாட்டார், இடத்தை அடையாளம் கண்டிருப்பார். சீன் ஆற்றங்கரையில், இல் த லா சிதே தீவில் அப்போதிருந்த பிணவறை பொதுமக்களுக்குத் திறந்திருந்தது, கட்டணமில்லை. ஆற்றில் மூழ்கியவர்கள் உட்பட, பெயர் தெரியாத பிணங்களைச் சாய்வான கற்பலகைகளில் கண்ணாடிக்குப் பின்னால் கிடத்தியிருப்பார்கள். உடையைக் களைந்து, இடுப்பில் மட்டும் ஒரு மறைப்பு. அவர்கள் உடுத்தியிருந்த துணிமணிகளை அருகிலேயே கொக்கியில் தொங்கவிடுவார்கள், முகம் சிதைந்தாலும் சட்டையையோ தொப்பியையோ கண்டு உறவினர் அடையாளம் சொல்லட்டும் என்று. பொதுவாக மூன்று நாள் வைத்திருப்பார்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தொப்பியைப் பாருங்கள். எங்கள் வாசிப்பு இது: பயாரின் வேறு தன்னுருவப் படங்களில், தோட்டத்தில் பூச்சட்டிகளுக்கு நடுவே அவர் தலையில் இருக்கும் வைக்கோல் தொப்பியின் இனம்தான் இது. அவரை அறிந்தவர்களுக்கு முகத்தைவிட இந்தத் தொப்பி தெரியும். பிணவறைக் கொக்கியில் தொங்கும் அடையாளச் சின்னமாக அதையே மாட்டிவைத்துவிட்டு, பின்பக்கத்தில் யாருமே அடையாளம் சொல்லவில்லை என்று எழுதுகிறார். அடையாளம் தலைக்கு மேலேயே தொங்குகிறது! அரசாங்கம்தான் பார்க்கவில்லை. நீங்கள் அதையும் வெட்டி எறிந்துவிட்டீர்கள். இன்னொரு சின்னப் பொறி: மூழ்கிச் செத்தவனின் வைக்கோல் தொப்பி நனைந்த தடயமே இல்லாமல் விறைப்பாக இருக்கிறது.

பிரெஞ்சு ஓவியர் தாவீது, கொலையுண்ட புரட்சித் தலைவர் மாராவைப் பற்றி 1793இல் வரைந்த 'மாராவின் சாவு' ஓவியத்தோடு இந்தப் படத்தை ஒப்பிடுவது வழக்கம். வெற்று மார்பு, சாய்ந்த தலை, வெள்ளைத் துணி எல்லாம் பொருந்தத்தான் செய்கின்றன; தியாகியின் தோரணையில் ஓர் எழுத்தர் ஓய்வூதியம் கேட்கிறார் என்பதும் சிரிப்புக்குரியதே. ஆனாலும் எங்களுக்கு அது இரண்டாம்பட்சம். மேற்கோள் காட்டப் படித்தவர்களுக்கு மாரா, தெருவில் போகிறவருக்குப் பிணவறை. பின்பக்கக் குறிப்பு பிணவறையைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.

ஜாடியும் சிலையும் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பயார் அந்த ஆண்டுகளில் வெள்ளைச் சுதைச் சிலைகளை அடுக்கி அடுக்கி எடுத்தார். அவை அசையாது, நீல ஒளியை வாரித் திருப்பும். அந்த வரிசையில் தன்னையும் இன்னொரு சுதைப் பொம்மையாகக் கிடத்திக்கொண்டார் என்று பார்க்கலாம்.

அடுத்த முறை அச்சிடும்போது சில காரியங்கள். நான்கு விளிம்பும் தெரியட்டும், உள்ளே வெட்டாதீர்கள். முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும் என்று இடவலம் திருப்பாதீர்கள். நேரடிப் பாசிட்டிவ் என்பதால் மூலமே கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறித்தான் இருக்கிறது, நீங்களும் திருப்பினால் இருக்கும் ஆதாரமும் போய்விடும். ஸ்கேன் மென்பொருளின் தானியங்கி டோன் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். செய்தித்தாளில் மை பரவுவதால் ஐம்பது விழுக்காட்டுப் புள்ளி எழுபத்தைந்துபோல் தெரியும் என்பது உங்கள் அச்சுப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். அதனால் முகம் மைத்திட்டாகிவிடும் என்று பயந்துதான் வெளுக்க வைத்திருப்பார்கள். அதற்கு வழி, நடு டோன்களைக் கர்வில் (ஒளி, நிழல் அளவை மாற்றும் மென்பொருள் கருவி) படம் முழுவதற்கும் ஒரே அளவில் தூக்குவது. முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் தூக்கினால் மார்புக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளி செத்துப்போகும். மூலத்தின் பழுப்பு நிறத்தைக் காட்ட நான்கு வண்ணப் பக்கம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் குடி முழுகாது.

கேப்ஷனில் இருக்க வேண்டியவை: இப்போலித் பயார், மூழ்கியவராகத் தன்னுருவம், 1840, தாளில் நேரடிப் பாசிட்டிவ், பிரெஞ்சு ஒளிப்படச் சங்கம், பாரிஸ். அதற்குக் கீழே பின்பக்கக் குறிப்பின் தமிழாக்கம், குறைந்தது கடைசி வரியாவது. முதல் தன்னுருவ ஒளிப்படம் என்று போட்டுவிடாதீர்கள். 1839இலேயே பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னிலியஸ் தன்னை வெள்ளித்தகட்டில் எடுத்துவிட்டார். நடக்காததை நடந்ததாகக் காட்ட அரங்கேற்றிய படங்களில் மிகப் பழையது என்றால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

தற்கொலை செய்துகொண்டவர் அதற்குப் பிறகு நாற்பத்தாறு ஆண்டு வாழ்ந்தார். 1851இல் பிரான்சின் பழங்கட்டடங்களைப் படமெடுக்க அரசு அமைத்த குழுவின் ஐந்து ஒளிப்படக்காரர்களில் அவரும் ஒருவர். 1854இல் பிரெஞ்சு ஒளிப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பின்னாளில் அதன் செயலாளராகவும் இருந்தார். 1863இல் பிரெஞ்சு அரசின் உயரிய லெஜியன் தொனர் விருது வந்தது. 1887இல் நெமூர் நகரில் தன் 86ஆம் வயதில் இறந்தார்.

மூலப்படம் அவர் தொடங்கிவைத்த அதே சங்கத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது. பயார் இந்தக் காட்சியைச் சிறு மாற்றங்களோடு மூன்று முறை எடுத்திருக்கிறார். ஆகவே அச்சுக்கு அனுமதி கேட்டு எழுதும்போது எந்தப் படம் வேண்டும் என்பதைக் குறிப்பிட்டு, கையெழுத்துள்ள பின்பக்கத்தின் ஸ்கேனையும் சேர்த்துக் கேளுங்கள். பிரெஞ்சுக் குறிப்பை முழுமையாகத் தமிழாக்கித் தர எங்களால் முடியும்.

இப்படிக்கு,
பழைய ஒளிப்பட அச்சு முறைகள் கற்பிக்கும் ஆசிரியர்கள்,
சென்னை.